முதியோரின் நீண்ட மருத்துவமனைத் தங்கலை முன்கூட்டிக் கணித்தல்

அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் முதியவர் ஒருவர் சில நாள்களில் வீடு திரும்புவாரா, வாரக்கணக்கில் கட்டிலில் கிடக்க நேருமா என்பதை அவர் வந்த அன்றே கணிக்கும் முயற்சி, முதியோர் மருத்துவத்தில் இன்று ஒரு தனித் துறையாக வளர்ந்துள்ளது. இது கணினிக் காலத்தில் பிறந்தது என்று பலர் நினைக்கக்கூடும். இதன் வேர் 1935ஆம் ஆண்டு இங்கிலாந்தில் இருக்கிறது.

அவ்வாண்டு லண்டனுக்கு மேற்கே உள்ள மேற்கு மிடில்செக்ஸ் மருத்துவமனை, பக்கத்திலிருந்த ஏழையர் மருத்துவ விடுதியைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. அங்கிருந்த 714 பேரும் மார்ஜரி வாரன் என்ற பெண் மருத்துவரின் பொறுப்பில் வந்தனர். பலர் 'நாட்பட்ட நோயாளி' என்ற ஒரே பெயரில் நெடுங்காலம் படுத்துக் கிடந்தவர்கள். இன்ன நோய் என்று கண்டறியும் முயற்சிகூடப் பலருக்கு நடந்திருக்கவில்லை. வாரன் ஒவ்வொருவரையும் பரிசோதித்து வகை பிரித்தார். எழுந்து உட்காரவும் நடக்கவும் பழக்கினார். வார்டுகளில் வெளிச்சம் கூட்டினார். தீராத நோயாளிகள் எனக் கைவிடப்பட்டிருந்த பலர் வீட்டுக்கோ முதியோர் இல்லத்துக்கோ சென்றனர். இந்த அனுபவத்தை அவர் 1943இலும் 1946இலும் மருத்துவ இதழ்களில் எழுதினார். படுக்கையே நோயாளியை முடமாக்கும் என்று 1947இல் ரிச்சர்ட் ஆஷர் என்ற மருத்துவரும் எச்சரித்தார்.

அப்படியானால், யாரை முதல் நாளிலேயே கவனிக்க வேண்டும்? கனடாவின் மாண்ட்ரியல் நகரில் ஜேன் மெக்கஸ்கரும் அவருடைய குழுவினரும் 1999இல் ஆறு கேள்விகளை வெளியிட்டனர். நோய்வாய்ப்படும் முன்பே பிறர் உதவி தேவைப்பட்டதா, இப்போது அது கூடியுள்ளதா, கடந்த ஆறு மாதத்தில் மருத்துவமனையில் தங்கினாரா, கண் தெரிகிறதா, மறதி உண்டா, நாளுக்கு மூன்றுக்கு மேற்பட்ட மருந்துகள் உண்கிறாரா என்பவை அவை. இரண்டு மதிப்பெண் வந்தாலே ஆபத்து மிகுந்தவர். வந்த நோயின் பெயர் இந்தப் பட்டியலில் எங்குமே இல்லை என்பது கவனிக்கத்தக்கது! ஆயினும் இக்கருவி மரணம், செயல்திறன் குறைவு போன்ற பின்விளைவுகளுக்காக அமைந்தது. தங்கும் நாள்களைக் கணிப்பதற்காக அமைந்ததன்று. பிற்கால ஆய்வுகளில் அதன் துல்லியமும் நடுத்தரமாகவே இருந்தது.

தங்கும் நாள்களையே குறிவைத்தவர்கள் பிரான்சின் ஆன்ஜே பல்கலைக்கழக மருத்துவமனையினர். வயது, பாலினம், மருந்துகளின் எண்ணிக்கை, வீட்டில் உதவிக்கு ஆள் உண்டா, அண்மையில் கீழே விழுந்தாரா, இது எந்த மாதம், எந்த ஆண்டு என்று சொல்ல முடிகிறதா ஆகிய ஆறையும் அவர்கள் பார்த்தனர். 2015இல் செயற்கை நரம்பு வலையமைப்பு கொண்டும் கணித்துப் பார்த்தனர்.

இத்தகைய மதிப்பெண்ணில் ஓர் இடர் உண்டு. 'நீண்ட நாள் கிடப்பவர்' என்ற முத்திரை விழுந்தால், வாரன் கண்ட விடுதியைப் போல ஒரு மூலை புதிதாக உருவாகிவிடலாம். அதே மதிப்பெண்ணைக் கண்டதும் அன்றே இயன்முறை மருத்துவரை அழைக்கலாம்; தேவையற்ற மருந்துகளைக் குறைக்கலாம்; தனியாக வாழும் மூதாட்டி வீடு திரும்பும்போது யார் துணையிருப்பார் என்று உறவினரிடம் முதல் நாளே கேட்டு வைக்கலாம்.