வெறுந்தந்திக்கும் ஒரு வேலை

1897இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், மெய்ட்ஸ்டன் ஊரின் ஆல் செயின்ட்ஸ் பள்ளியில் வயலின் வகுப்பு ஒன்று தொடங்கியது. மர்டாக் என்ற இசைக்கருவி நிறுவனம் மலிவு வயலின்களைத் தவணைக்குக் கொடுத்தது. தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் வாங்க முடிந்தது. ஒரே அறை, ஒரே ஆசிரியர், வரிசை வரிசையாகப் பிள்ளைகள். அதுவரை வயலின் என்றால் ஒரு ஆசிரியர், ஒரு மாணவர், கொஞ்சம் வசதியான வீடு என்றிருந்த வழக்கம் அங்கே உடைந்தது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் இந்த முறை ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது. லண்டன் கிறிஸ்டல் பேலஸில் ஆயிரக்கணக்கான சிறுவர் சிறுமியர் கூடி ஒன்றாக வில் போட்டார்கள். பாஸ்டனிலிருந்து வந்து பார்த்த ஆல்பர்ட் மிட்செல், திரும்பிப் போய்த் தன் ஊர்ப் பள்ளிகளிலும் இதை ஆரம்பித்தார்.

கருவி கைக்கு வந்துவிட்டது. வாசிக்க என்ன இருந்தது?

இந்தக் கேள்வி தோன்றும் அளவுக்கு எளிதல்ல. மேற்கத்திய வயலினின் நான்கு தந்திகளும் ஸ-ப இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருதி கூட்டப்பட்டவை. விரல் வைக்காமல் ஒலிக்கும் அந்த வெறுந்தந்திகளின் சுரங்கள் இயல்பாக அமையும் டி, ஜி, ஏ மேஜர்களில் பிள்ளைகளின் விரல் சுலபமாக விழும். ஃபிளாட்டுகள் கூடக்கூடத் தடுமாறும். கை நகராமல் முதல் பொசிஷனிலேயே நின்றால் எட்டுகிற சுரங்களும் குறைவு. இதற்குள் முடித்தாக வேண்டும் என்றால் முதல் வயலினுக்கு மெட்டைக் கொடுத்துவிட்டு, மற்றவர்களை நீண்ட சுரங்களில் உட்கார வைப்பதுதான் சுலபமான வழி. அப்படிப்பட்ட இசையில் வியோலாக்காரப் பிள்ளை தூங்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். எல்லோருக்கும் ஒரே மெட்டைக் கொடுத்தாலோ, ஐந்நூறு வயலினில் ஓசைதான் பெரிதாகும், ஆர்கெஸ்ட்ரா ஆகாது.

இதற்கு நல்ல பதில் ஒரு பள்ளி ஆசிரியரிடமிருந்து வந்தது. குஸ்தாவ் ஹோல்ஸ்ட் 1905இல் லண்டன் ஹேமர்ஸ்மித்தில் உள்ள செயின்ட் பால்ஸ் பெண்கள் பள்ளியின் இசைத் தலைவரானார். 1934இல் இறக்கும்வரை அந்த வேலையை விடவில்லை. வலது கையில் நரம்பு வலி இருந்ததால் பியானோக் கலைஞராகும் ஆசை கைகூடாமல், டிராம்போன் வாசித்துப் பிழைத்தவர். ரிக்வேதப் பாடல்களுக்கு இசையமைக்க வேண்டும் என்பதற்காகவே சமஸ்கிருதம் படித்த பிடிவாதக்காரர். பெண்கள் பள்ளிகளுக்கு ஏற்றவை என்று பதிப்பாளர்கள் அனுப்பிய பாடல்களைப் பார்த்து அவருக்கு எரிச்சல்தான் வந்தது. அந்தக் குப்பையை ஒதுக்கிவிட்டு, மாணவிகளைப் பாக்கின் இசையைப் பாட வைத்தார். பிள்ளைகளுக்குச் சின்ன இசை போதும் என்ற நினைப்பே அவரிடம் இல்லை.

1913இல் பள்ளி புதிய இசைக் கட்டடம் கட்டி, அதில் வெளிச்சத்தம் நுழையாத தனி அறை ஒன்றை அவருக்குக் கொடுத்தது. அவருடைய ‘தி பிளானெட்ஸ்’ இசை பெரும்பாலும் உருவானது அந்த அறையில்தான். ஆனால் அதே காலத்தில் பள்ளி ஆர்கெஸ்ட்ராவுக்காக அவர் எழுதிய ‘செயின்ட் பால்ஸ் சூட்’, கைவினை என்ற அளவில் அதற்குச் சளைத்ததல்ல. 1922இல் அச்சான இந்தத் தந்தி இசையில் நான்கு பகுதிகள். ஆஸ்டினாட்டோ என்ற இரண்டாம் பகுதியில், வழக்கமாக நிழலில் கிடக்கும் இரண்டாம் வயலின்கள் ஒரு சின்னச் சுரக்கோவையைத் தொடங்கிவைக்கின்றன. அது கடைசிவரை நிற்பதே இல்லை. விரலுக்குப் பெரிய சோதனை கிடையாது. ஆனால் அவர்கள் நின்றால் எல்லாமே விழுந்துவிடும்.

நான்காம் பகுதிதான் உச்சம். அதை 1911இல் ராணுவ பேண்டுக்காக எழுதிய தன் சூட் ஒன்றிலிருந்தே எடுத்து, தந்திகளுக்கு மாற்றினார். ‘டார்கசன்’ என்ற பழைய நடன மெட்டு, முடியாமல் தலைக்கே திரும்பி வருகிற வகை. அது சுற்றிக்கொண்டே இருக்கும்போது, செலோக்கள் அகலமான வேறொரு தாளக்கட்டில் ‘கிரீன்ஸ்லீவ்ஸ்’ மெட்டை உள்ளே கொண்டுவருகின்றன. தனித்தனியாக எடுத்தால் இரண்டும் பள்ளிப் பிள்ளை கற்றுக்கொள்ளக்கூடிய மெட்டுகள். சேர்ந்து கேட்டால் மேதையின் வேலை. இது தொடக்கநிலைப் பாடம் அல்ல. முதல் வயலின்கள் உழைத்தாக வேண்டும். ஆர்கெஸ்ட்ராவில் ஊதுகருவி மாணவிகள் இருந்தபோது, அவர்கள் வெளியே நிற்க வேண்டாம் என்று அவர்களுக்கும் பகுதிகள் எழுதிச் சேர்த்தார். ஆட்களைப் பார்த்து இசையை வெட்டித் தைப்பதில் அவருக்குக் கூச்சமே இருந்ததில்லை.

இளைய மாணவிகளின் ஆர்கெஸ்ட்ராவுக்கு, 1933இல், உடல்நலம் குன்றிய நிலையில், ‘புரூக் கிரீன் சூட்’ எழுதினார். பள்ளி இருக்கும் இடத்தின் பெயர்தான் அது. அடுத்த ஆண்டு மே மாதம் அவர் காலமானார்.

ஜெர்மனியில் இசையமைப்பாளர் பால் ஹிண்டெமித் வேறு வழியில் போனார். 1927இல் அவர் வெளியிட்ட ஓபஸ் 44 வரிசை, சேர்ந்து வாசிக்கப் பழகுவதற்கென்றே படிப்படியாக ஏறுகிறது. அதன் கடைசி எண்ணான ஐந்து தந்தி இசைத் துண்டுகளும் முதல் பொசிஷனைத் தாண்டுவதில்லை. ஆனால் கேட்பவர் யாரும் பயிற்சிப் பாடம் என்று சொல்லமாட்டார்கள். ஹோல்ஸ்டின் கதகதப்பு அதில் இல்லை என்பது வேறு விஷயம்.

ஹோல்ஸ்டின் வழியை இன்னும் தூரம் கொண்டுபோனவர் அவருடைய நெருங்கிய நண்பர் ரால்ஃப் வான் வில்லியம்ஸ். இருவரும் எழுதி முடிக்காத இசைத்தாள்களை ஒருவருக்கொருவர் காட்டி, தயவுதாட்சண்யம் இல்லாமல் விமர்சிக்கும் வழக்கத்தைப் பல ஆண்டுகள் வைத்திருந்தார்கள். 1929இல் மேரி இபர்சன் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் தொடங்கிய கிராமிய இசைப்பள்ளி, கிராமத்து ஆட்களுக்குக் குழுவாக வயலினும் செலோவும் கற்றுத்தந்து நாடளாவிய இயக்கமாக வளர்ந்திருந்தது. அதன் 21ஆம் ஆண்டு விழாவுக்கு இசை வேண்டும். வாசிக்கப்போகிறவர்களில் தேர்ந்தவர்களும் உண்டு, நேற்று வில் பிடித்தவர்களும் உண்டு.

வான் வில்லியம்ஸ் எழுதிய ‘கன்செர்ட்டோ கிராசோ’ இவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்தது. தேர்ந்தவர்கள் முதல் குழு. மூன்றாம் பொசிஷனும் எளிய இரட்டைத் தந்தியும் வாசிக்கத் தெரிந்தவர்கள் இரண்டாவது. மூன்றாவது குழு கற்றுக்குட்டிகளுக்கு. அதிலும் விரலே வைக்கத் தெரியாதவருக்கு வெறுந்தந்திகளை மட்டும் இழுக்கும் தனிப் பகுதி உண்டு. 1950 நவம்பர் 18 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஏட்ரியன் போல்ட் நடத்த, சுமார் 400 பேர் சேர்ந்து வாசித்தார்கள். எழுதியவருக்கு அப்போது வயது 78. ‘பர்லெஸ்கா ஆஸ்டினாட்டா’ என்ற இரண்டாம் பகுதியில் அவருடைய குறும்பு தெரிகிறது. அந்தப் பகுதியே வெறுந்தந்திகளின் ஸ-ப இடைவெளிமேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. முதல் குழுவின் வித்வான்களும் கற்றுக்குட்டிகளின் சுரங்களுக்கே வந்து சேர வேண்டியிருந்தது.