ஆசிரியர் மாணவராகும் இடம்

பொருட்காட்சிச்சாலை என்ற சொல்லைக் கேட்டதும் பழைய வாளும் கேடயமும், செப்புத் திருமேனிகளும், கண்ணாடிப் பேழைக்குள் கிடக்கும் நாணயங்களுமே பலருக்கும் நினைவுக்கு வரும். அங்கே காண்பதற்கு உரிமை உண்டு, தொடுவதற்கு இல்லை. விஞ்ஞானக் காட்சிச்சாலையின் இயல்பு வேறு. அங்கே கைப்பிடியைச் சுழற்றலாம், பொத்தானை அழுத்தலாம், கப்பியில் எடையைத் தூக்கிப் பார்க்கலாம். இவ்வளவும் பெருநகரங்களில் வாழும் நேயர்கள் அறிந்ததே. ஆனால் அதே கட்டிடத்தின் ஒரு கூடத்தில், பார்வையாளர் கண்ணில் படாத மற்றொரு பணியும் நடைபெறுகிறது. பள்ளிகளில் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியர்கள் அங்கு மாணவர்களாக அமர்கிறார்கள். நம் நாட்டில் இப்பணி எவ்வாறு உருவாயிற்று, ஏன் தேவைப்பட்டது என்பதை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

இதன் வேர் கல்கத்தாவில் இருக்கிறது. 1876-ஆம் ஆண்டில் மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர், நன்கொடை திரட்டி, இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தைப் பௌபஜார் வீதியில் நிறுவினார். இந்தியர்கள் தம் முயற்சியாலேயே விஞ்ஞானம் பயில வேண்டும், சோதனைகளுடன் கூடிய சொற்பொழிவுகளைப் பொதுமக்களும் கேட்க வேண்டும் என்பது அவர் நோக்கம். 1907-இல் நிதித்துறை உத்தியோகத்தை ஏற்று அந்நகருக்கு வந்த பதினெட்டு வயதுத் தமிழ் இளைஞர் ஒருவருக்கு அக்கழகத்தின் கதவு திறந்தது. அலுவலக நேரத்துக்கு முன்னும் பின்னும் அங்கே ஆராய்ச்சி செய்த அவரே சி. வி. ராமன். உத்தியோகத்தின் பொருட்டு ஊர் விட்டு வந்த ஒருவருக்குத் தம் கையால் சோதனை செய்து பார்க்க ஓர் இடம் கிடைத்ததால் விளைந்த பயனை 1930-ஆம் ஆண்டின் நோபெல் பரிசு உலகுக்கு அறிவித்தது.

பொதுமக்களுக்கு விஞ்ஞானத்தின் கதவைத் திறந்துவிடும் எண்ணம் ஐரோப்பாவில் வேறு வடிவம் பெற்றது. ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஆஸ்கர் வான் மில்லர் என்ற பொறியியல் வல்லுநர் 1903-இல் தொடங்கிய காட்சிச்சாலை, 1925-இல் ஈசார் ஆற்றுத் தீவில் எழுப்பப்பட்ட பெருங்கட்டிடத்தில் திறக்கப்பட்டது. பார்வையாளர் தாமே இயக்கிப் பார்க்கும்படி பொருள்களை அமைக்கும் அதன் முறை பல நாடுகளுக்கும் வழிகாட்டியாயிற்று. விடுதலைக்குப் பின், அன்றைய மேற்கு வங்க முதலமைச்சர் டாக்டர் பிதான் சந்திர ராய் இத்தகைய காட்சிச்சாலை ஒன்று அமைய ஊக்கமளித்தார். ஜி. டி. பிர்லா கல்கத்தாவிலிருந்த தம் மாளிகையை விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சி மன்றத்துக்கு வழங்கினார். 1959 மே 2-ஆம் நாள் அம்மாளிகையில் பிர்லா தொழில், தொழில்நுட்பக் காட்சிச்சாலை திறக்கப்பட்டது. பெங்களூரில் விசுவேசுவரய்யாவின் பெயர் தாங்கிய காட்சிச்சாலையின் கட்டிடத்தை 1962-இல் ஜவாஹர்லால் நேரு திறந்து வைத்தார். 1965-இல் அது பொதுமக்களின் பார்வைக்கு வந்தது.

காட்சிச்சாலைக்கு ஒரு மாணவன் ஆண்டில் ஒரு முறை வரலாம். வாழ்நாளில் ஒரே முறையும் வரலாம். ஓரிரு மணி நேரத்தில் அவன் காண்பது வியப்பாகவே நின்றுவிடக் கூடும். அந்த வியப்பைக் கேள்வியாக மாற்றவும், கேள்வியைச் சோதனைக்குக் கொண்டுசெல்லவும் வகுப்பறையில் ஒருவர் வேண்டும். ஆண்டுக்கு ஐம்பது மாணவர் கொண்ட இரண்டு வகுப்புகளுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியர், முப்பது ஆண்டுப் பணியில் மூவாயிரம் பேரைச் சந்திக்கிறார். ஆகவே ஓர் ஆசிரியரை உள்ளே அழைத்துவருவது மூவாயிரம் பேரை உள்ளே அழைத்துவருவதற்கு ஒப்பாகும்.

ஆனால் அந்த ஆசிரியரின் நிலை எளிதன்று. பள்ளியில் ஆய்வுக்கூடம் இல்லாமலிருக்கலாம். இருந்தாலும், கருவிகள் உடைந்தால் கணக்குக் காட்ட வேண்டுமே என்ற அச்சத்தால் அலமாரி பூட்டியே கிடக்கலாம். அவரும் தம் இளமையில் விஞ்ஞானத்தை மனப்பாடம் செய்தே தேறியவராக இருக்கலாம். இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. போரினால் அழிவுற்ற நாடுகளில் கருவியின்றித் தவித்த பள்ளிகளுக்கென எழுந்த முயற்சியின் தொடர்ச்சியாக, கையில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே சோதனை நடத்தும் முறைகளைத் தொகுத்து யுனெஸ்கோ நிறுவனம் 1956-இல் ஒரு நூல் வெளியிட்டது. காட்சிச்சாலைகளின் ஆசிரியப் பயிற்சிக்கும் இதே நெறிதான் அடிப்படை.

பயிற்சி நடைபெறும் முறைக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். மேசைமீது நூலும் சில கற்களும் வைக்கப்படும். கனமான கல்லைக் கட்டிய ஊசல் விரைந்து ஆடுமா, இலேசான கல்லைக் கட்டிய ஊசல் விரைந்து ஆடுமா என்று பயிற்சி அளிப்பவர் கேட்பார். விடையை அவர் கூறமாட்டார். ஆசிரியர்கள் ஒரு மீட்டர் நீள நூலில் கல்லைக் கட்டிச் சற்றே விலக்கி ஆடவிட்டு எண்ணுவார்கள். முப்பது முழு அலைவுகளுக்கு ஏறத்தாழ அறுபது விநாடி ஆகிறது. கல்லை மாற்றினாலும் அதே அறுபதுதான். நூலின் நீளத்தைக் கால் மீட்டராகக் குறைத்தால் முப்பது விநாடியே ஆகிறது. நீளம் நான்கில் ஒன்றானால் காலம் இரண்டில் ஒன்றாகிறது. இந்த விதியைப் பல ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியவரும், தம் விரல்களுக்கிடையே அது நிகழ்வதைக் காணும்போது புதிதாக ஒன்றைப் பெறுகிறார். செலவு நூலும் கல்லும்தான்; உடைந்துவிடுமோ என்ற அச்சமும் இல்லை.

இப்பணியின் உண்மையான கடினம் கருவியில் இல்லை. 'எனக்குத் தெரியாது, செய்து பார்ப்போம்' என்று வகுப்பின் முன் சொல்ல ஓர் ஆசிரியருக்குத் துணிவு வர வேண்டும். விடை கூறுவதே தம் தகுதி என்று எண்ணிப் பழகியவருக்கு இது கௌரவக் குறைவாகத் தோன்றலாம். எனவே பயிற்சி அளிப்பவர் திறமையைக் காட்டிலும் பொறுமை மிக்கவராக இருத்தல் வேண்டும். தவறாக ஊகித்தவரை நாணவைத்தால், அவர் திரும்பிச் சென்று தம் மாணவரையும் அவ்வாறே நாணவைப்பார். மொழிபெயர்ப்பை உத்தியோகமாகக் கொண்ட எனக்கு, 'காட்டுதல்' என்ற சொல் இவ்விடத்தில் போதாது என்று தோன்றுகிறது. 'செய்யவிடுதல்' என்பதே பொருத்தமானது.

நகரத்துக்கு வர இயலாத பள்ளிகளைத் தேடி, 1965-இல் கல்கத்தாக் காட்சிச்சாலை நடமாடும் கண்காட்சியைத் தொடங்கிற்று. குஜராத்தில் விக்ரம் சாராபாய் 1960-களில் சமுதாய விஞ்ஞான மையத்தை அகமதாபாத்தில் உருவாக்கினார். ஆசிரியர்களும் மாணவர்களும் ஒருங்கே சோதனை செய்து பழகும் இடமாக அது அமைந்தது. 1968 டிசம்பரில் அதற்கு அடிக்கல் நாட்டியவர், அப்போது எண்பது வயதாகியிருந்த ராமன் அவர்களே. வானம் ஏன் நீலமாக இருக்கிறது என்பதே அன்று அவர் எடுத்துக்கொண்ட பொருள். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாத, நிமிர்ந்து பார்த்தாலே எழக்கூடிய கேள்வி அது.

1976-இல் இயற்றப்பட்ட 42-ஆவது திருத்தம், விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பதைக் குடிமக்களின் கடமைகளுள் ஒன்றாக அரசியலமைப்பில் சேர்த்தது. 1978-இல் தேசிய விஞ்ஞானக் காட்சிச்சாலைகள் மன்றம் அமைந்தது. பம்பாயில் 1985-லும் டில்லியில் 1992-லும் பெரிய மையங்கள் திறக்கப்பட்டன. ஆயினும் சில நாள் பயிற்சி தானாகவே பயன் தந்துவிடாது. திரும்பிச் செல்லும் ஆசிரியருக்குத் தலைமையாசிரியரின் ஆதரவு வேண்டும். மனப்பாடத்தை மட்டும் அளக்காத தேர்வு வேண்டும். பெற்றோரின் விருப்பமும் வேண்டும்.

பெற்றோரைப் பற்றிய இச்சொல் பிற மாநிலங்களில் வாழும் தமிழருக்கும் உரியது. நம் பிள்ளைகள் இந்தியிலோ வங்காளியிலோ கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ பாடம் கேட்கிறார்கள். பாடநூலின் மொழி நமக்கு எட்டாமற் போகலாம். ஊசலின் ஆட்டத்துக்கு மொழி இல்லை. விடுமுறை நாளில் அருகிலுள்ள காட்சிச்சாலைக்குப் பிள்ளையை அழைத்துச் சென்று, வீடு திரும்பியபின் ஒரு நூலையும் கல்லையும் கொடுத்து, எண்ணிப் பார்க்கச் சொல்லித் தமிழிலேயே கேள்வி கேட்கலாம். அப்பிள்ளையின் ஆசிரியருக்கு இத்தகைய பயிற்சி பெறும் வாய்ப்பு உண்டா என்று பள்ளியிலும் விசாரிக்கலாம். அவ்வாறு விசாரிப்போர் பலரானால், பூட்டிய அலமாரிகள் சில திறக்கப்படும்.