எங்கே குத்துவது?

"அம்பேத்கர் மொகத்தை முன்கையில குத்திக்கவா, நெஞ்சுலயாண்ணா? வேலைக்குப் போற எடத்துல பாப்பாங்களே" என்றான் பெரம்பூர்த் தம்பி ஒருவன். கறுப்பு மையில் தண்ணீர் கலந்து சாம்பல் நிழல் எடுக்கும் பாணி. 1970களில் கலிபோர்னியச் சிறைகளில் மெக்சிகோ வம்சாவளிக் கைதிகள் ஒற்றை ஊசியில் வளர்த்தது.

இங்கேயும் பச்சைக்குச் சிறை வரலாறு உண்டு. கும்பெனி அரசு 1849 வரை ஆயுள் கைதிகளின் நெற்றியில் குற்றத்தைக் குத்தியது. அவர்கள் தலைப்பாகையை இறக்கிக் கட்டி மறைத்தார்கள். ஊர் ஊராகப் பச்சை குத்திய குறவர்கள் பலரை 1911இன் குற்றப் பரம்பரைச் சட்டம் பிறவிக் குற்றவாளியாக்கிக் கைரேகை வாங்கியது.

அந்தக் குறத்திகளிடம்தான் எங்க ஆயா விளக்குக்கரி மையில், முன்கையில், ஆசையாய்க் கோலம் குத்திக்கொண்டது.

"முன்கையிலயே குத்து தம்பி" என்றேன். "அவன் குத்துனதைத்தான் மறைக்கணும். இது நாம குத்துறது."