தோற்கும் அணியும் தேயாத அபிமானமும்

வென்ற அணிக்குக் கை தட்டுவோர் எங்கும் உளர். தோற்ற அணியின் பின்னே மறுவாரமும் பணஞ் செலவிட்டுப் பஸ் ஏறிச் செல்பவனே மெய்யான அபிமானி. திடலிலிருந்து திரும்புங்கால் அவன் வாய் நிறைய வைகிறான். இனி இத்திசையே திரும்பேன் என்று சூளுரைக்கிறான். அடுத்த ஆட்டத்துக்கு அவனே முதலில் வந்து நிற்கிறான். இதனைப் பைத்தியம் என நகைப்போர் பலர். மலேசியத் தேசியக் காற்பந்து அணியின் சரித்திரத்தை ஒருமுறை புரட்டிப் பார்ப்பாராயின் அவர் அங்ஙனம் நகையார். அவனுடைய ஏசலுக்குக் காரணம் பகைமையன்று. ஒரு காலத்தில் கண்ட உயர்வை மறக்கவொண்ணாத வேதனையே.

அவ்வுயர்வு கட்டுக்கதையன்று. நாடு விடுதலையடைந்த 1957-ஆம் ஆண்டிலேயே மெர்டேக்கா கிண்ணப் பந்தயம் தொடங்கிற்று. 1958-இலும் 1959-இலும் மலாயா அணியே கிண்ணத்தை வென்றது. 1962-இல் ஜக்கார்த்தாவிலும் 1974-இல் டெஹ்ரானிலும் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் வெண்கலப் பதக்கம் நம் அணிக்குக் கிட்டிற்று. தென்கொரியாவையும் ஜப்பானையும் தகுதி ஆட்டங்களில் வீழ்த்திவிட்டு, 1972-இல் மியூனிக் ஒலிம்பிக்குக்குச் சென்றது. அங்கே மேற்கு ஜெர்மனியிடமும் மொரோக்கோவிடமும் தோற்றதாயினும், அமெரிக்காவை 3-0 என வென்று திரும்பிற்று.

1980-ஆம் ஆண்டைப்பற்றிப் பேசாத பழைய அபிமானி இல்லை. அவ்வாண்டு கோலாலம்பூரில் மாஸ்கோ ஒலிம்பிக்குக்கான தகுதிப் பந்தயம் நடந்தது. கோல் காவலராக ஆறுமுகம் நின்றார். தற்காப்பில் சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும் நின்றனர். முன்னணியில் சபாவிலிருந்து வந்த ஹசான் சானியும் ஜேம்ஸ் வோங்கும் ஓடினர். இறுதி ஆட்டத்தில் தென்கொரியா 2-1 எனத் தோற்றது. எந்த ஜாதி, எந்த மதம் என்று பந்து எவரையும் கேட்கவில்லை. கூடியிருந்த ஜனத்திரளும் கேட்கவில்லை. ஆனால் சோவியத் படை ஆப்கானிஸ்தானத்தில் புகுந்ததைக் கண்டித்து மலேசியா அவ்வொலிம்பிக்கைப் புறக்கணித்தது. ஆடி வென்ற இடத்தில் அடியெடுத்து வைக்கும் பாக்கியம் அவ்வீரர்களுக்கு வாய்க்கவில்லை. ஆறுமுகம் 1988-இல் மோட்டார் விபத்தில் மாண்டார்.

அதன்பின் நேர்ந்தது என்ன? உலக வரிசையில் 1993-இல் 75-ஆம் இடத்தில் இருந்த அணி, 2018-இல் 178-ஆம் இடத்துக்கு இறங்கிற்று. 2007-இல் ஆசியக் கிண்ணத்தை நம் மண்ணில் நடத்தி, சீனாவிடம் 1-5, உஸ்பெக்கிஸ்தானிடம் 0-5, ஈரானிடம் 0-2 என மூன்று ஆட்டங்களிலும் தோற்றோம். 2015 ஜூனில் பாலஸ்தீன அணி நம் நாட்டுக்கே வந்து ஆறு கோல் அடித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஐக்கிய அரபு நாட்டில் பத்துக் கோல் வாங்கினோம். இவ்வெண்களை எழுதக் கை கூசுகிறது.

இதற்குக் காரணம் யாது என்று கேட்டால், ‘நமக்கு ராசி இல்லை’ என்பார் சிலர். ‘நான் பார்க்கப் போனால் தோற்கும், ஆதலால் போகவில்லை’ என்று வீட்டிலிருப்பாரும் உண்டு. தேர் ஓடாவிட்டால் தெய்வக் குற்றம் என்பதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை? தேரின் அச்சு முறிந்ததா, பாதை பள்ளமா என்று பார்ப்பதன்றோ அறிவு! நம் அணியின் அச்சு முறிந்த காலமும் மறைவன்று. 1994-இலும் அடுத்த ஆண்டிலும், சூதாடிகளிடம் கைக்கூலி வாங்கி ஆட்டத்தை விற்ற ஊழல் அம்பலமாயிற்று. நூற்றுக்கு மேற்பட்டோர் விசாரிக்கப்பட்டனர். பல ஆட்டக்காரர்கள் விலக்கப்பட்டனர். அன்று அழிந்தது ஒரு தலைமுறையின் திறமை மட்டுமன்று. கோல் காவலர் கையிலிருந்து பந்து நழுவினால், ‘நழுவிற்றா, நழுவவிட்டாரா?’ என்று ஐயுறும் நோய் அபிமானியின் நெஞ்சில் அன்றுதான் புகுந்தது.

ராசியின் பொய்மையைக் காட்ட 2010-ஆம் ஆண்டு ஒன்றே போதும். அதற்கு முந்திய ஆண்டில், பயிற்சியாளர் கே. ராஜகோபால் இளம் ஆட்டக்காரர்களைக் கொண்டு தென்கிழக்காசியப் போட்டியில் இருபதாண்டுகளுக்குப் பின் தங்கம் வென்றிருந்தார். அவ்விளைஞர் பலரை வைத்தே 2010-இல் தென்கிழக்காசியக் கிண்ணத்துக்கு இறங்கினார். முதல் ஆட்டத்தில் இந்தோனேசியாவிடம் 1-5 எனத் தோல்வி. அத்துடன் அணியைக் கைவிட்டவர் எத்தனை பேரோ! அதே மாத இறுதியில் புக்கிட் ஜாலிலில் அதே இந்தோனேசியாவை 3-0 என வீழ்த்தி, இரண்டாம் ஆட்டத்தில் 1-2 எனத் தோற்றும், கிண்ணம் நமதாயிற்று. மூன்று வாரத்தில் கிரகம் மாறிவிடவில்லை. சில ஆண்டுகள் ஒன்றாய்ப் பயின்ற உழைப்புப் பலித்தது.

இனி, சினமும் பேதைமையும் ஒன்றே போல் கேடு செய்வன. பத்துக் கோல் தோல்விக்கு ஐந்து நாள் கழித்து, ஷா ஆலாமில் சவூதி அரேபியாவுடன் ஆடுகையில், சிலர் தீக்குச்சுகளையும் வெடிகளையும் திடலில் எறிந்தனர். ஆட்டம் நின்றது. சவூதி 3-0 என வென்றதாகத் தீர்ப்பாயிற்று. எறிந்தவர் கேட்ட கேள்வி நியாயமானதே. எறிந்த தீயால் அக்கேள்விக்கு விடை கிடைக்கவில்லை, தண்டமே கிடைத்தது.

குறுக்கு வழியும் உதவாது. 2025 ஜூனில் நம் அணி வியட்நாமை 4-0 என வென்றபோது ஊரெல்லாம் குதூகலித்தது. செப்டம்பரில், வெளிநாட்டில் பிறந்த ஏழு ஆட்டக்காரர்களின் பாட்டன் பாட்டியர் பிறப்பிடம்பற்றிய பத்திரங்கள் பொய்யானவை என்று உலகக் காற்பந்துச் சம்மேளனம் முடிவு செய்து, எழுவருக்கும் ஓராண்டுத் தடை விதித்தது. சங்கத்துக்கும் அபராதம் விதித்தது. நவம்பரில் மேல்முறையீடும் தள்ளப்பட்டது. தோட்டத்தில் செக்ரோல் எழுதும் கிராணி எவரும் இதனை எளிதில் உணர்வர். வேலைக்கு வராத ஆளுக்குப் பெயர் போட்டால் அன்றைய கணக்கு அழகாய்த்தான் இருக்கும். மரத்தில் பால் இராது.

ஆட்டக்காரர் எங்கே விளைகின்றனர்? முன்னாளில் தோட்டந்தோறும் ஒரு திடல் இருந்தது. வேலை முடிந்த மாலையில் லயத்துப் பிள்ளைகள் அங்கே பந்து உதைத்தனர். தோட்டங்கள் துண்டாடப்பட்டும், நிலம் வீடமைப்புக்கு மாறியும் அத்திடல்களுள் பல மறைந்தன. மறுபுறம், பல அணிகளில் ஆட்டக்காரருக்கு மாதக்கணக்கில் சம்பள பாக்கி நின்ற செய்தியைப் பத்திரிகைகளில் ஆண்டுதோறும் வாசித்தோம். விதைக்க நிலமின்றி, உழுதவனுக்குக் கூலியுமின்றி, அறுவடை குறைந்ததென்று அழுவதில் பயன் என்ன?

ஆகவே சகோதரர்களே, அணியின்மேல் அபிமானத்தை விடவேண்டாம். அதனைக் கண்ணை மூடிய பக்தியாகவும் ஆக்கவேண்டாம். தோற்றவனைத் தூற்றுமுன், அவனுக்குச் சம்பளம் வந்ததா என்று கேளுங்கள். உங்கள் ஊர்த் திடல் யார் கையில் இருக்கிறதென்று கேளுங்கள். சங்கத்தின் கணக்கைக் கேளுங்கள். டிக்கெட்டு வாங்கியவனுக்குக் கை தட்டும் உரிமை உண்டெனில், கணக்குக் கேட்கும் உரிமையும் உண்டு. கேட்டுவிட்டு, அடுத்த ஆட்டத்துக்கும் தவறாது செல்லுங்கள்.