பின்னணி நிகழ்வுகளும் புதிய இயற்பியலும்: கோலார் முதல் பொட்டிப்புரம் வரை

துகள் இயற்பியலின் ஸ்டாண்டர்டு மாடலைத் தாண்டிய விதிகளைத் தேடும் உணர்கருவிகள் பல, ஆண்டுக்கு ஒரு சில நிகழ்வுகளுக்காகவே காத்திருக்கின்றன. அத்தகைய அரிய நிகழ்வைப் போலவே தோற்றம் தரும் சாதாரண நிகழ்வுகளும் கருவியில் பதிவாகும். அவற்றைப் பின்னணி என்பர். தேடியது கிடைத்ததா என்பதைவிட, பின்னணி எவ்வளவு திருத்தமாக அளக்கப்பட்டது என்பதே ஒரு தேடலின் தரத்தைத் தீர்மானிக்கிறது. கோலார் தங்கவயல் ஆய்வுகளும், கேரள எல்லையை ஒட்டிய பொட்டிப்புரத்துக்கு வகுக்கப்பட்ட நியூட்ரினோ ஆய்வகத் திட்டமும் இதற்குத் தெளிவான சான்றுகள்.

காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதும்போது மியூயான்களும் நியூட்ரினோக்களும் பிறக்கின்றன. மியூயான்களைப் பாறை தடுக்கும், நியூட்ரினோக்களைத் தடுக்காது. 1960களின் தொடக்கத்தில் டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தினர் கோலார் சுரங்கத்தின் பல ஆழங்களில் மியூயான்களை அளந்தனர். 2,700 மீட்டருக்கும் கீழே சுமார் இரண்டு மாதங்கள் காத்திருந்தும் ஒரு மியூயான்கூடப் பதிவாகவில்லை. வெறுங்கையாகத் தோன்றிய இந்த முடிவுதான் அடுத்த ஆய்வுக்கு அடித்தளம். மேலிருந்து வரும் மியூயான்கள் அற்றுப்போன ஆழத்தில், பக்கவாட்டில் பாயும் மியூயான் பாறைக்குள் நியூட்ரினோ மோதியதால் பிறந்ததாகவே இருக்க வேண்டும். ஒளிர் பிளாஸ்டிக் பலகைகளையும் நியான் குழாய்களையும் செங்குத்துச் சுவர்களாக நிறுத்தி, கிடைமட்டத் தடங்களுக்காக அந்த ஆய்வின் கருவி அமைக்கப்பட்டது. 1965இல் டாடா நிறுவனம், ஒசாகா, டர்ஹாம் ஆகியவற்றின் கூட்டுக்குழு வளிமண்டல நியூட்ரினோ உண்டாக்கிய மியூயானின் தடத்தைப் பதிவு செய்தது. அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கமொன்றில் ரெய்ன்ஸ் குழுவும் அதைக் கண்டது.

1974இல் ஜார்ஜியும் கிளாஷோவும் முன்வைத்த ஒருங்கிணைப்புக் கோட்பாடு, புரோட்டானும் சிதையும் என்றது. இதைச் சோதிக்க, 1980இல் கோலாரில் 2,300 மீட்டர் ஆழத்தில் 140 டன் கருவி இயங்கத் தொடங்கியது. இரும்புத் தகடுகளும் விகிதமுறை எண்ணிக் குழாய்களும் அதில் மாறிமாறி அடுக்கப்பட்டிருந்தன. 140 டன் பொருளில் ஏறத்தாழ 8×10³¹ அணுக்கருத் துகள்கள் உள்ளன. அவற்றின் ஆயுள் 10³¹ ஆண்டுகள் என்றால், ஆண்டுக்கு எட்டுச் சிதைவுகள் நிகழும். வளிமண்டல நியூட்ரினோக்களோ ஆயிரம் டன்னில் ஆண்டுக்கு நூறு மோதல்கள் என்ற அளவில் நிகழ்பவை. 140 டன்னில் பத்துக்கும் மேல். ஆக, தேடியதும் அதன் போலியும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் வரும். 1965இல் சாதனையாக இருந்த நியூட்ரினோ, 1980இல் தடையாயிற்று.

ஆழத்தால் நீங்காத இந்தத் தடையைத் தடங்களின் வடிவத்தைக் கொண்டே பிரிக்க முடியும். நிலையாக இருக்கும் புரோட்டான் பாசிட்ரானாகவும் பையானாகவும் சிதைந்தால் அவை எதிரெதிர்த் திசைகளில் செல்லும். மொத்த ஆற்றல் 938 மெகா எலக்ட்ரான் வோல்ட். வெளியிலிருந்து வரும் நியூட்ரினோ தன் உந்தத்தையும் கொண்டுவருவதால் தடங்கள் ஒரு பக்கமாகச் சாயும். ஆனால் இரும்பு அணுக்கருவுக்குள் பையான் சிதறியோ உறிஞ்சப்பட்டோ போகலாம். அப்போது இந்த வேறுபாடு மங்கும். கோலார் குழு முதலில் அறிவித்த மூன்று நிகழ்வுகளின் தடங்கள் கருவிக்குள் முழுமையாக அடங்கவும் இல்லை. ஆயிரக்கணக்கான டன் நீரைக் கொண்ட அமெரிக்காவின் ஐஎம்பி, ஜப்பானின் கமியோகாண்டே ஆகிய கருவிகள் சிதைவைக் காணாததால் கோலாரின் விளக்கம் ஏற்கப்படவில்லை. நீரில் ஹைட்ரஜனின் தனிப் புரோட்டான்கள் இருப்பது அவற்றுக்குக் கூடுதல் பலம்.

புரோட்டான் இன்றுவரை சிதைந்து காணப்படவில்லை. ஆனால் அதைத் தேடியவர்கள் கழிக்க முயன்ற நியூட்ரினோப் பின்னணியே புதிய இயற்பியலைத் தந்தது. 50,000 டன் நீருடைய சூப்பர் கமியோகாண்டே, புவியின் மறுபுறத்திலிருந்து 13,000 கி.மீ. கடந்து வரும் மியூயான் நியூட்ரினோக்கள் பாதியளவு குறைவதை 1998இல் நிறுவியது. நியூட்ரினோக்கள் வகை மாறுகின்றன, எனவே அவற்றுக்கு நிறை உண்டு என்று தெரிந்தது.

அவற்றுள் எது இலேசானது, எது கனமானது என்ற நிறை வரிசை அடுத்த கேள்வி. தேனி மாவட்டம் பொட்டிப்புரத்துக்கென வடிவமைக்கப்பட்ட 50,000 டன் ஐகால் கருவி இதற்குக் காந்தத்தைத் துணைகொள்கிறது. 1.5 டெஸ்லா அளவுக்குக் காந்தமாக்கிய இரும்பில் நேர்மின் மியூயானும் எதிர்மின் மியூயானும் எதிரெதிராக வளையும். நியூட்ரினோவையும் எதிர்நியூட்ரினோவையும் இவ்வாறு தனித்தனியே எண்ணலாம். புவியின் உட்பகுதி இவ்விரண்டில் எதைப் பெரிதும் பாதிக்கிறது என்பதிலிருந்து நிறை வரிசை புலப்படும்.

இடமும் கணக்கில் சேரும். காந்த நடுக்கோட்டின் அருகே இருப்பதால்தான் திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பா ராக்கெட் ஏவுதளமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் அங்கிருந்து கிளம்பியது. ஏறத்தாழக் கிடைமட்டமான இப்பகுதியின் புவிக்காந்தப் புலம், ஆற்றல் குறைந்த காஸ்மிக் கதிர்களைத் திருப்பிவிடுகிறது. பொட்டிப்புரமும் இந்த வட்டாரத்தில் இருப்பதால் அங்கு வந்துசேரும் குறைந்த ஆற்றல் நியூட்ரினோக்கள், சூப்பர் கமியோகாண்டே இருக்கும் ஜப்பானின் கமியோகாவைவிடக் குறைவு. ஜப்பானுக்குக் கணித்த நியூட்ரினோ எண்ணிக்கை அட்டவணையை இங்கே அப்படியே எடுத்தாள முடியாது.

மத்திய அமைச்சரவை 2015இல் ஒப்புதல் அளித்த இத்திட்டம், மேற்குத்தொடர்ச்சி மலையின் சூழலியல் குறித்த எதிர்ப்பாலும் வழக்குகளாலும் தேங்கிவிட்டது. மதுரையில் இயங்கும் 85 டன் மினி ஐகால் மாற்றுவழி ஒன்றைச் சோதிக்க உதவுகிறது. பத்தாயிரம் மியூயான்களில் ஒன்றுக்கு மேல் தப்பவிடாத தடுப்பு உணர்கருவியால் அதைச் சூழ முடிந்தால், ஆயிரம் மீட்டர் பாறைக்குப் பதில் நூறு மீட்டரே போதுமா என்பதே கேள்வி. கோலாரில் ஆழம் செய்த வேலையின் ஒரு பகுதியை இங்கே துல்லியமான அளவீடு ஏற்கும். ஆய்வகத்துக்கான இடத்தேர்வு எளிதாவதும் அந்த அளவீட்டின் வெற்றியைப் பொறுத்ததே.