எவ்வளவு இருந்தால் போதும்? மலாயாப் பென்சன்காரர் விட்டுச்சென்ற கணக்கு

ஐம்பது வயதோடு வேலையை விட்டுவிட்டு ஊரோடு போய் இருப்பதற்கு மாதம் எவ்வளவு வருமானம் வேண்டும்? இலண்டனிலும் டொரன்டோவிலும் சிட்னியிலும் வாழும் நம்மவர் பலர் இன்று இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கின்றனர். மேல்நாட்டு நிதி ஆலோசகர்கள் இதற்கு ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். ஆண்டுச் செலவின் 25 மடங்கைச் சேர்த்துக்கொள்க. முதலாண்டில் அதில் 4 சதவீதத்தை எடுத்து, பின்னர் விலைவாசிக்கேற்பக் கூட்டிக்கொண்டே போனாலும் 30 ஆண்டுகளுக்குத் தாங்கும் என்பர். வில்லியம் பெங்கன் என்பவர் 1994இல் கண்ட முடிவு இது. ஆனால் அவர் அடிப்படையாகக் கொண்டது அமெரிக்கப் பங்குகளினதும் கடன்பத்திரங்களினதும் வரலாறு. கொடிகாமத்தில் போய் இருக்க நினைப்பவர் பார்க்கவேண்டியது யாழ்ப்பாணத்தின் வரலாற்றை.

இளைப்பாறிய வாழ்வு என்பதை நமது குடாநாட்டுக்கு அறிமுகம் செய்தவர்கள் மலாயாப் பென்சன்காரர்கள். மலாயாவின் முதலாவது புகையிரதப் பாதை 1885இல் திறக்கப்பட்டது. அதற்குப் பிந்திய பல தசாப்தங்களில், மிஷன் பாடசாலைகளில் ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்து இளைஞர்கள் எழுதுவினைஞர்களாகவும் நிலைய அதிபர்களாகவும் அங்கே குவிந்தனர். கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும் என்ற நம்மூர்ப் பழமொழிக்கு அடிப்படை சம்பளம் மட்டுமன்று. சம்பளம் நின்ற பிறகும் வரும் பென்சனுந்தான். ஐம்பத்தைந்து வயதளவில் ஊர் திரும்பியவர்கள் கல்வீடு கட்டினர், கிணறு வெட்டினர், காணி வாங்கினர், கோயில் திருப்பணிக்குக் கொடுத்தனர்.

அவர்களுடைய நிம்மதிக்கு முதற் காரணம் தொகையன்று, நாணயம். 1906இல் மலாயா டொலரின் பெறுமதி 2 ஷில்லிங் 4 பென்ஸ் என நிலைநிறுத்தப்பட்டது. இலங்கை ரூபா 1927 முதல் 1 ஷில்லிங் 6 பென்ஸில் நின்றது. ஆகவே நூறு டொலர் பென்சன் ஏறத்தாழ 156 ரூபாவாக வந்தது. இந்த விகிதம் 1967 வரை, நாற்பது ஆண்டுகள் மாறவில்லை. இன்று இளைப்பாறும் எவருக்கும் கிட்டாத பாக்கியம் இது.

இரண்டாவது காரணம் நிலம். கொடிகாமம் தேங்காய்க்குப் பெயர்பெற்ற சந்தை. தென்மராட்சியின் மணற்பாங்கான மண்ணில் தென்னையும் பலாவும் மாவும் செழிக்கும். வீட்டு வாடகை இல்லை. தேங்காயும் மாம்பழமும் வளவிலேயே உண்டு. பென்சன் பணம் அரிசிக்கும் துணிக்கும் பிள்ளைகளின் படிப்புக்குமே வேண்டியிருந்தது.

ஆனால் ஒரு பெரிய செலவு மட்டும் எந்த மாதக் கணக்கிலும் அடங்கவில்லை. ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த தேசவழமை, சொத்தை முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என மூன்றாக வகுத்தது. பென்சன் இம்மூன்றில் எதிலும் சேராது. பெற்றவரின் காலத்தோடு முடிவது. பெண்பிள்ளைக்குப் பென்சனைச் சீதனமாக எழுதிக்கொடுக்க முடியாது. அதனால் நல்ல வருமானமுள்ள பென்சன்காரரும் மூன்று பெண்களைக் கரைசேர்த்த பின் காணியெல்லாம் கைமாறி, முதுமையில் மருமக்களின் வளவில் இருக்க நேர்ந்ததுண்டு.

மலாயாப் பென்சன்காரருக்குப் பக்கத்து வளவில் கொழும்புப் பென்சன்காரர் இருந்தார். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. சிங்களப் பரீட்சையில் சித்தியடையாத உத்தியோகத்தரின் சம்பள உயர்ச்சியை நிறுத்தும் சுற்றறிக்கை 1961இல் வந்தது. அதை எதிர்த்து எழுதுவினைஞர் கோடீஸ்வரன் தொடுத்த வழக்கு 1969இல் இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்றது. இதற்கிடையில் தமிழ் உத்தியோகத்தர் பலர் காலத்துக்கு முன்பே இளைப்பாறி ஊர் திரும்பினர். இது விரும்பி எடுத்த ஓய்வன்று. பணிக்காலம் குறைந்ததால் பென்சனும் குறைந்தது. அந்தப் பென்சன் ரூபாவிலேயே வந்தது.

பிறகு ரூபா சரிந்தது. 1967 நவம்பரில் அது 20 சதவீதம் மதிப்பிறக்கப்பட்டது. 1977இல் அமெரிக்க டொலர் 16 ரூபாவானது. 1.56 ரூபாவாக இருந்த மலேசிய டொலர் ஆறு ரூபாவைத் தாண்டிற்று. மலாயாப் பென்சன்காரரின் வருமானம் ரூபாக் கணக்கில் தானாகவே உயர்ந்தது. கொழும்புப் பென்சன்காரர் அரசு எப்போது திருத்தம் செய்யும் என்று காத்திருந்தார். ஒரே வயது, ஒரே ஊர், ஒரே சந்தை. வேறுபாடு நாணயம் ஒன்றே.

வெளிநாட்டு நாணயமும் முழுக் காப்பன்று. 1941 டிசம்பரில் யப்பானியர் மலாயாவில் இறங்கியதும், அங்கே உழைத்த பிள்ளைகள் அனுப்பும் பணத்தை நம்பியிருந்த வீடுகளின் வருவாய் நின்றது. நிலமும் முழுக் காப்பன்று. 1990இல் யாழ்தேவி நின்றது. 2000 ஏப்ரலில் ஆனையிறவு வீழ்ந்ததையடுத்துப் போர் தென்மராட்சிக்குள் வந்தது. மக்கள் வீடுவாசலை விட்டு வெளியேறினர். தென்னைகள் தலையிழந்தன, வளவுகளில் கண்ணிவெடி புதைந்தது. பத்துப் பரப்புத் தோட்டம் உறுதியில் மட்டும் இருந்தது. புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது 2014 ஒக்டோபரிலேதான்.

2022இல் பழைய பாடம் திரும்ப வந்தது. ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம். வங்கி வட்டியை மட்டும் நம்பி இளைப்பாறியிருந்தவர்களின் பல்லாண்டுச் சேமிப்பு சில மாதங்களில் பாதியாகத் தேய்ந்தது.

ஆகவே எவ்வளவு போதும் என்று கேட்பவருக்கு ஒரு தொகையைச் சொல்ல நான் ஆயத்தமில்லை. மூன்று கேள்விகளைத் திருப்பிக் கேட்பேன். உமது வருமானம் எந்த நாணயத்தில் வருகிறது. விலை ஏறும்போது அதுவும் ஏறுமா? அது நின்றுபோனால் உண்ணவும் இருக்கவும் வளவு உண்டா? அந்த வளவையும் இழக்க நேர்ந்தால் வேறு எங்கேனும் ஏதேனும் உண்டா? மலாயாப் பென்சன்காரர் பெரும் செல்வந்தரல்லர். நிலம் உதவாதபோது பென்சனும், பணம் வராதபோது நிலமும் அவர்களைத் தாங்கின. இரண்டும் ஒன்றாகச் சாயாதவரை அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.