தாயின் சாபம்: ஒரு பெயரிடலின் வரலாறு

1663க்கும் 1673க்கும் இடையில் பதினான்காம் லூயி மன்னனின் செலவில் பிரான்சிலிருந்து கனடாவுக்குக் கப்பலேற்றப்பட்ட பெண்கள் ஏறத்தாழ எண்ணூறு பேர். 'அரசனின் மகள்கள்' என்று பெயர். அரசனுக்கும் அவர்களுக்கும் ரத்த உறவு ஏதும் கிடையாது. பலர் அநாதைகள், ஏழைகள். ஆண்கள் மிகுந்திருந்த காலனிக்குக் கருப்பைகள் தேவைப்பட்டன, அவ்வளவுதான். அவர்களில் ஒருத்திக்கு 1669இல் கியூபெக்கில் கல்யாணம் ஆயிற்று. பார்வையிழந்த நோயாளிகளின் தாய்வழியைப் பழைய பதிவேடுகளில் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போன மரபியலாளர்கள், 2005இல் அவளிடம் வந்து நின்றார்கள்.

1871இல் ஜெர்மன் கண் மருத்துவர் தியோடர் லெபர் விவரித்த நோய் அது. இளவயதில், வலியே இல்லாமல் ஒரு கண் மங்கும். சில வாரங்களில், மாதங்களில் மற்றதும். ஆண்களுக்கே அதிகம் வருகிறது, ஆனால் அந்த ஆண்களின் பிள்ளைகளுக்குப் போவதில்லை. காரணம் 1988இல்தான் பிடிபட்டது. டக்ளஸ் வாலஸ் குழுவினர் அதை மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏவில் கண்டார்கள். செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்கு 16,569 எழுத்துகளில் தனிப் பிரதி ஒன்று உண்டு. (பிரதி என்ற சொல்லை நாம் தேய்த்தே தீர்த்துவிட்டோம், இருந்தாலும் இங்கே வேறு சொல் அமையவில்லை.) அது தாயின் கருமுட்டை வழியே வருவது. கியூபெக் பெண்ணிடம் 14484ஆம் இடத்தில் ஓர் எழுத்து மாறியிருந்தது. அதனால் சுவாசச் சங்கிலியின் முதல் புரதக்கூட்டு பழுதாகிறது. ஓயாமல் சக்தி கேட்கும் பார்வை நரம்புச் செல்கள் சாகின்றன.

ஆணுக்கு மட்டும் கேடு செய்யும் பிழையை இயற்கைத் தேர்வு களையாது, ஆண் அதைக் கடத்துவதில்லையே. இந்த நிலைக்குத்தான் 2004இல் சில அறிவியலாளர்கள் 'தாயின் சாபம்' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பிழையோடு பிறந்த ஆண்பிள்ளைகள் கியூபெக்கில் மற்றவர்களைவிட அதிகமாகச் சிசுப் பருவத்திலேயே இறந்ததை 2017இல் ஓர் ஆய்வு காட்டியது.

கணக்கில் எனக்குச் சண்டை இல்லை. பெயர்தான் உறுத்துகிறது. சாபம் என்றால் யாரோ வாய் திறந்து இடவேண்டும். இவள் என்ன இட்டாள்? பிழை இருக்கிற ஆண்களிலேயே பலருக்குக் கடைசிவரை பார்வை போவதில்லை. புகைப்பழக்கம் போன்றவையும் சேர்கின்றன. ஒருத்தியின் பிழை ஒரு ஜனத்தொகைக்குள் பெருகியதற்கு அரசின் கொள்கை பின்னால் இருக்கிறது: பத்துப் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 300 லிவர் கொடுப்போம் என்றது மன்னராட்சி. 2017 ஆய்வின் தலைப்பில் தாயின் சாபம் இருக்கிறது, மன்னன் இல்லை. 2005 கட்டுரையின் தலைப்பிலோ வாக்கியத்தின் எழுவாய் அவள்தான்: ஓர் 'அரசனின் மகள்' இந்தப் பிழையைக் கொண்டுவந்தாளாம். அவளைக் கொண்டுவந்தது யார் என்று கேட்க அந்த வாக்கியத்தில் இடமே இல்லை.